பதினேழு சென்டிமீட்டர்

எங்கள் நாரைகள் அணி சொந்த மைதானத்தில் தொடர்ந்து ஒன்பதாவது ஆட்டத்திலும் தோற்ற மறுநாள் காலை, சாந்தா ருஃபினாவின் மத்தியப் பூங்காவில் லாரல் மரங்களுக்குக் கீழே நிற்க இடமில்லை. ஜெயித்தால் பத்துப் பேர் வருவோம், தோற்றால் ஐம்பது பேர். ஒன்பது முறை தோற்றால் கிழக்குக் கியூபாவில் பாதி வந்துவிடும் போலிருந்தது. வேலைக்குப் போகிற வழியில் சைக்கிளை நிறுத்தியவர்கள், ரொட்டிப் பையோடு வந்தவர்கள், எதிரே வங்கி வரிசையில் தன் இடத்துக்கு இன்னொருவரைக் காவல் வைத்துவிட்டு வந்தவர்கள் என்று எல்லாரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். வெளியூர்க்காரர் பார்த்தால் வெட்டுக்குத்து என்றே நினைப்பார். ஆனால் யார்மேலும் யார் கையும் பட்டது கிடையாது. பேஸ்பாலைப் பற்றிக் கத்தாமல் பேசினால் அதை எங்களூரில் பேச்சிலேயே சேர்ப்பதில்லை.

என் பெயர் லேயோன்சியோ. தொலைபேசி இலாகாவில் கம்பி பழுதுபார்க்கிறேன். பூங்காவில் என்னை 'நோட்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். பதினாறு வருடங்களாக நாரைகளின் ஒவ்வொரு ஆட்டத்தையும் இன்னிங்ஸ் இன்னிங்ஸாகப் பள்ளிக்கூட நோட்டில் எழுதி வருகிறேன். நேரில் போக முடியாவிட்டால் வானொலியில் கேட்டு எழுதுவேன். வாக்குவாதம் முற்றும்போது "நோட்டைக் கூப்பிடு" என்பார்கள். நான் சொல்லும் எண் தனக்குச் சாதகமாக இல்லையென்றால் நான் தப்பாக எழுதிவிட்டேன் என்பார்கள். அதற்கெல்லாம் நான் வருத்தப்படுவதில்லை.

அன்று பேச்சு முழுக்க எறியாளர்களைப் பற்றித்தான். மைதானத்தின் நடுவில் மண்மேட்டில் நின்று மட்டையாளரைப் பார்த்துப் பந்தை எறிகிறவனின் கைதான் ஒரு அணியின் உயிர். எங்களுக்கு ஐந்து வாரத்தில் நான்கு கைகள் போயிருந்தன. நான்கும் முழங்கை. கடைசியாக யாதியேல் கர்போ. இருபத்துமூன்று வயது இடக்கைக்காரன். அவன் எறிகிற நாளில் ஊரில் கல்யாணத்தைக்கூடத் தள்ளிப்போடுவார்கள். அவன் முந்தின ஆட்டத்தில் பதினோராவது பந்தை எறிந்துவிட்டு, கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் மைதானத்தைவிட்டு நடந்து போனான். அந்த நடையை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். நோட்டில் அதற்கு இடமில்லை.

எவரிஸ்தோதான் பூங்காவின் பெரிய குரல். மார்த்தி தெரு ரொட்டிக்கடையில் அடுப்படி வேலை. விடியற்காலையிலேயே வேலை முடிந்துவிடுவதால் பத்து மணிக்கு ஆள் தயாராக இருப்பான். மாவு பிசைந்து பிசைந்து மரக்கட்டையான இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டே நாரைகளின் மேனேஜர் அன்செல்மோ பர்ரெத்தோவை வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்றான். அதை அவன் நவம்பரிலிருந்து சொல்கிறான்.

"ஒரு பையனை இத்தனை நாள் இடைவெளி இல்லாம எறிய விட்டா கை கழண்டுதான் போகும். என் கழுதையக்கூட நான் அப்படி வேலை வாங்க மாட்டேன்."

"உனக்கு எதுய்யா கழுதை?" என்று கேட்டார் பிளாசிதோ.

"வெச்சிருந்தா வாங்க மாட்டேன்னு சொல்றேன்."

பிளாசிதோ மருந்துக்கடைக்காரர். எப்போதும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பெரிய ஃப்ளாஸ்க் நிறையக் காபி. எவரிஸ்தோ எதைச் சொன்னாலும் எதிர்ப்பதற்கென்றே பிறந்தவர்போல் மெதுவாகப் பதில் சொல்வார். சொல்லி முடித்ததும் எவரிஸ்தோவுக்கே முதல் காபியை ஊற்றிக் கொடுப்பார். இருபது வருடப் பழக்கம். அன்று அவர், யாதியேல் எட்டு நாள் ஓய்வுக்குப் பிறகுதான் எறிந்தான் என்று நினைவுபடுத்தினார். நான் நோட்டைப் பார்த்து ஆமாம் என்றேன். அப்படியானால் மேனேஜர் மேல் குற்றமில்லை, எறியாளர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற பயிற்சியாளர் சிரிலோதான் காரணம் என்று கூட்டத்தில் ஒருவர் சொல்ல, கூட்டம் அதைச் சட்டென்று பிடித்துக்கொண்டது. பிளாசிதோவின் முகம் மாறியது. சிரிலோ அவருடைய தங்கை பெல்கிஸின் கணவர்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு பெண் குரல், கத்தாமல், ஒரு கேள்வி கேட்டது.

"வெளியூர்ல ஆடும்போது எப்படி?"

திரும்பிப் பார்த்தோம். நாற்பது நாற்பத்திரண்டு வயதிருக்கும். வெயிலில் கறுத்த கை, ஆண்கள் போடுகிற கனமான பூட்ஸ். பூங்காவுக்கு எதிரே சாலைத் துறை அலுவலகத்தில் வேலை பார்க்கிற நெரெய்தா. ரோடு போடுமுன் மேடுபள்ளம் அளக்கிறவர். கேள்வி என்ன என்று எவரிஸ்தோ கேட்டான். அவர் சொன்னார்:

"ரெண்டு வருஷமா ஜன்னல் வழியா உங்க சண்டையைக் கேட்டுக்கிட்டிருக்கேன். யார் காரணம்னு எல்லாரும் சொல்றீங்க. என்ன காரணம்னு யாருமே சொல்லல. அதான் இறங்கி வந்தேன். வெளியூர்ல எத்தனை ஜெயிச்சீங்க?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கே தெரியவில்லை. நாங்கள் மொத்தத்தைத்தான் எண்ணுவோம். பெஞ்சில் உட்கார்ந்து பிரித்து எண்ணினேன். வெளியூரில் இருபத்தோரு ஆட்டம், பன்னிரண்டு வெற்றி. சொந்த ஊரில் இருபது ஆட்டம், நான்கே வெற்றி.

இன்னொரு முறை எண்ணச் சொன்னார்கள். பிறகு எல்லாருக்கும் காரணம் தெரிந்துவிட்டது. வீட்டுச் சாப்பாடு வயிற்றைக் கனக்க வைக்கிறது என்றார் ஒருவர். சொந்த ஊரில் மனைவி இருக்கிறாள், அதுதான் என்றார் இன்னொருவர். யாதியேலுக்குக் கல்யாணமே ஆகவில்லையே என்றதற்கு, அப்படியானால் இன்னும் மோசம் என்றார். நாம் போடுகிற கூச்சலே அவர்களைப் பயமுறுத்துகிறது என்று பிளாசிதோ சொன்னது மட்டும்தான் கொஞ்சம் யோசிக்கக்கூடியதாக இருந்தது. அதனாலேயே அதை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

நெரெய்தா என்னிடம் வந்து நோட்டைப் பார்க்கலாமா என்று கேட்டார். பதினாறு வருடத்தில் யாரும் அதைக் கையில் வாங்கிப் பார்த்ததில்லை. வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் படித்தார். எந்தக் குறி எதற்கு என்று கேட்டுக்கேட்டுப் படித்தார். கடைசியில், எதிரணி எந்தெந்த இன்னிங்ஸில் ஓட்டம் எடுத்தது என்று தனித்தனியாகக் கூட்டித் தர முடியுமா என்றார். வீட்டுக்குப் போய்ச் செய்தேன். மறுநாள் காலை அலுவலகம் போகாமல் நேராக அவர் ஜன்னலுக்குக் கீழே போய் நின்றேன்.

ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். சொந்த மைதானத்தில் எதிரணிகள் முதல் இன்னிங்ஸில் மட்டும் முப்பத்தொரு ஓட்டம் எடுத்திருந்தன. வெளியூரில் அதே முதல் இன்னிங்ஸில் ஒன்பது. மூன்றாவது இன்னிங்ஸுக்குப் பிறகு இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒரே கணக்கு.

"முதல் இன்னிங்ஸுக்கு முன்னாடி எறியாளர் எங்கேருந்து வர்றார்?" என்று கேட்டார் நெரெய்தா.

வேலிக்குப் பக்கத்தில் பயிற்சி மேடு ஒன்று இருக்கிறது, அங்கே இருபது முப்பது பந்து எறிந்து கையைச் சூடாக்கிக்கொண்டுதான் நடு மேட்டுக்கு வருவார்கள் என்றேன். "அந்த ரெண்டு மேடும் ஒரே உயரமா?" என்று கேட்டுவிட்டு அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

இதற்கிடையில் பூங்காவின் பேச்சு ரொட்டிக்கடைக்குப் போய்விட்டது. சனிக்கிழமை காலை பெல்கிஸ் வரிசையில் நின்று கல்லாவருகே வந்தபோது, அடுப்படியிலிருந்து தட்டோடு வெளியே வந்த எவரிஸ்தோ, முப்பது பேர் கேட்க, "உன் வீட்டுக்காரர் இன்னும் எத்தனை கையை ஒடிக்கப் போறாரு?" என்று கேட்டுவிட்டான். சிரிப்புக்காகக் கேட்டதாகப் பிறகு சொன்னான். சிலர் சிரிக்கவும் செய்தார்கள். பெல்கிஸ் ரொட்டி வாங்காமல் போய்விட்டாள்.

திங்கட்கிழமை பிளாசிதோ பூங்காவுக்கு வந்தார். வழக்கம்போல் ஃப்ளாஸ்கைத் திறந்து முதல் காபியை எவரிஸ்தோவுக்கு ஊற்றிக் கொடுத்தார். அவன் குடிக்கும்வரை காத்திருந்தார்.

"நாப்பது வருஷம் மைதானத்துல நின்ன மனுஷன் வீட்டுல லைட்டை அணைச்சிட்டு உக்காந்திருக்காரு. என் தங்கச்சி ரெண்டு நாளா வெளிய வரல. உன்னோட நான் எதுக்கு வேணாலும் சண்டை போடுவேன் எவரிஸ்தோ. இதுக்கு எனக்குச் சண்டை போடத் தெரியல."

குவளையை வாங்கித் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு போனார். அடுத்த நாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. எவரிஸ்தோ அதே அளவு கத்தினான். ஆனால் எதிர்த்துப் பேச ஆளில்லாததால் பாதியிலேயே நின்றுவிடும். நின்றதும் பெஞ்சின் அந்தக் கோடியைப் பார்ப்பான்.

நெரெய்தா மைதானத்தை அளக்க வேண்டும் என்றார். மைதானத்தைப் பராமரிக்கிற உல்பியானோவை எனக்குத் தெரியும். ஸ்கோர்போர்டின் தொலைபேசிக் கம்பியை நான்தான் சரிசெய்து தருவேன். ஆட்டம் இல்லாத புதன்கிழமை காலை வரச் சொன்னார். நானும் நெரெய்தாவும் போனால் போதும் என்று நினைத்தேன். நெரெய்தா எவரிஸ்தோவையும் கூப்பிட்டார். தனக்கு இந்த ரோடு வேலையெல்லாம் தெரியாது என்று அவன் நழுவப் பார்த்தான்.

"நீங்கதான் இருக்கறதுலயே சத்தமாப் பேசறீங்க. நீங்க பாக்காம நான் அளந்தா, ஊர்ல அது அளந்ததாவே ஆகாது. கோலைப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க, போதும்."

அப்படித்தான் அந்தப் பெரிய உடம்பு, சிவப்பும் வெள்ளையும் கோடு போட்ட அளவுகோலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, யாருமில்லாத மைதானத்தின் நடுவில் நிற்க நேர்ந்தது. நெரெய்தா முக்காலியில் தொலைநோக்கியை நிறுத்தி, நீர்மட்டக் குமிழ் நடுவில் வரும்வரை திருகுகளைத் திருப்பினார். "கொஞ்சம் நேரா. மூச்சு விடலாம், ஆட்டாதீங்க" என்றார். முதலில் மட்டையாளர் நிற்கிற இடத்தில் தரைமட்டம் பார்த்தார். பிறகு நடு மேட்டின் உச்சி. பிறகு மட்டையாளருக்கு வலப்பக்கம், முதல் பேஸை அடுத்த வேலியோரம் இருக்கிற எங்கள் பயிற்சி மேடு. உல்பியானோ கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இது என்னவென்று புரிந்துவிட்டது என்பது அவர் நின்ற விதத்தில் தெரிந்தது.

மேடு தரையைவிட இருபத்தைந்து சென்டிமீட்டர் உயரம் இருக்க வேண்டும் என்பது விதி. நடு மேடு முப்பத்தொன்று இருந்தது. பயிற்சி மேடு பதினான்கு.

நெரெய்தா இரண்டு முறை திரும்ப அளந்தார். இரண்டு முறையும் அதே எண். பதினேழு சென்டிமீட்டர் வித்தியாசம். எவரிஸ்தோ தன் விரல்களை விரித்துச் சாண் அளவைப் பார்த்துக்கொண்டான். தினமும் தாழ்ந்த மேட்டில் எறிந்து பழகிய கால், உயர்ந்த மேட்டில் முன்னால் எட்டு வைக்கும்போது நினைத்த இடத்தில் தரை இருக்காது. கால் ஒரு கணம் பிந்தி இறங்கும், உடம்பு முன்னால் போய்விடும், கை பின்னால் தங்கிவிடும், அந்த இழுப்பு முழுவதும் முழங்கையில் விழும். இதை எங்களுக்குச் சொன்னது நெரெய்தா அல்ல, உல்பியானோ. அவர் இளமையில் எறியாளராக இருந்தவர்.

"தெரிஞ்சே விட்டீங்களா?" என்று கேட்டான் எவரிஸ்தோ. அவன் மெதுவாகப் பேசி அன்றுதான் கேட்டேன்.

உல்பியானோ மறைக்கவில்லை. அக்டோபர் புயலில் வேலியோர மேடு முழுக்கக் கரைந்து போனது. களிமண் வேண்டும் என்று மூன்று முறை எழுதிக் கேட்டார், வரவில்லை. சீசன் தொடங்க நான்கு நாள் இருந்தபோது, ஆற்றங்கரையிலிருந்து கைவண்டியில் மணல் கலந்த மண் கொண்டுவந்து போட்டார். அது நிற்கவில்லை, ஒவ்வொரு மழைக்கும் உட்கார்ந்துவிட்டது. இருந்த கொஞ்சம் நல்ல களிமண்ணை, எல்லார் கண்ணுக்கும் தெரிகிற நடு மேட்டுக்கே ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் போட்டுப் போட்டு, அது வளர்ந்துகொண்டே போனது. இது உயர்கிறது, அது தாழ்கிறது என்று தெரியும். இவ்வளவு என்று தெரியாது. அளக்கப் பயமாக இருந்தது என்றார் கடைசியில். அந்தப் பையன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து போனபோது தான் மேட்டை மூடுகிற தார்ப்பாயைச் சுருட்டுகிற சாக்கில் கொட்டகைக்குள் போய்விட்டதாகச் சொன்னார்.

நான் எவரிஸ்தோவைப் பார்த்தேன். மூன்று மாதமாக அவன் தேடிய ஆள் எதிரே நிற்கிறார். பெயர் இருக்கிறது, குற்றம் இருக்கிறது, ஒப்புதலும் இருக்கிறது. நாளைக் காலை பத்து மணிக்குப் பூங்காவில் இதைச் சொன்னால், மதியத்துக்குள் உல்பியானோ வீட்டு வாசலில் கூட்டம் நிற்கும்.

எவரிஸ்தோ அளவுகோலைக் கீழே வைத்தான். பயிற்சி மேட்டில் குந்தி உட்கார்ந்து ஒரு கைப்பிடி மண்ணை எடுத்துப் பிசைந்து பார்த்தான், மாவைப் பார்க்கிற மாதிரி. அது கையில் ஒட்டாமல் உதிர்ந்தது.

"இதுல ரொட்டியும் வராது, மேடும் வராது" என்றான். பிறகு எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, "பூங்காவுல மேட்டைப் பத்திச் சொல்வோம். மனுஷனைப் பத்திச் சொல்ல வேணாம்" என்றான்.

அப்போது நெரெய்தாவே ஒரு தடை எழுப்பினார். எதிரணி எறியாளர்களும் இதே நடு மேட்டில்தான் எறிகிறார்கள். அவர்கள் கை ஏன் போகவில்லை? எனக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. கண்டுபிடித்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்த நேரம். அவரோ முக்காலியைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்புறம், மூன்றாம் பேஸ் பக்கம் நடந்துவிட்டார். அந்தப் பக்கம்தான் விருந்தாளி அணியின் பயிற்சி மேடு. பார்வையாளர் கூரை நீண்டிருப்பதால் புயல் அதைத் தொடவில்லை. அளந்தார். இருபத்து நான்கு. நடு மேட்டோடு ஏழே சென்டிமீட்டர் வித்தியாசம், அதுவும் மூன்று நாளுக்கு வந்து போகிறவர்களுக்கு. எங்கள் பையன்களோ தினமும் அந்தப் பதினான்கில்தான் கிடக்கிறார்கள்.

மேனேஜர் பர்ரெத்தோ மூன்று மணிக்கு வருவார் என்பதால் காத்திருந்தோம். குள்ளமான மனிதர், நரைத்த மீசை. எங்களைப் பார்த்ததும் அவர் கண் எவரிஸ்தோவிடம் நின்றது.

"நீங்கதானே தினமும் பத்து மணிக்கு என்னைத் தூக்குல போடறது?"

"பத்தேகாலுக்கு," என்றான் எவரிஸ்தோ. "காபி குடிச்சிட்டு."

பர்ரெத்தோ சிரிக்கவில்லை. நெரெய்தா சொன்னதைப் பாதி கேட்டுவிட்டு, முப்பது வருடம் ஆட்டத்தில் இருக்கிறவனுக்கு ரோடு போடுகிறவர்கள் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்றார். நெரெய்தா கோபப்படவில்லை. சரி, நான் சொல்லவில்லை, நீங்களே இரண்டிலும் ஏறிப் பாருங்கள் என்றார். அவர் போய்விடுவார் என்றே நினைத்தேன். ஆனால் அவருக்குள்ளும் ஏதோ அரித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். பயிற்சி மேட்டில் ஏறி, பந்தில்லாமல், எறிவதுபோல் பத்து முறை எட்டு வைத்தார். பிறகு நடு மேட்டுக்குப் போய் அதேபோல் எட்டு வைத்தார். முதல் எட்டிலேயே உடம்பு தள்ளாடியது. கையை ஊன்றிச் சமாளித்துக்கொண்டார். அப்படியே மேட்டின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

டிசம்பரிலேயே யாதியேல் தன்னிடம் சொன்னதாகச் சொன்னார். நடு மேட்டில் நின்றால் தரை காலுக்குக் கீழே ஓடுகிறது என்று சொன்னானாம். தோற்றவன் மண்ணைக் குறை சொல்கிறான் என்று மற்றவர்கள் முன்னால் கேலி செய்திருக்கிறார்.

"அதுக்கப்புறம் அவன் என்கிட்ட எதையுமே சொல்லல. கை வலிக்குதுன்னுகூடச் சொல்லல" என்றார்.

எவரிஸ்தோ அளவுகோலை மடிக்க ஆரம்பித்தான்.

மண் கிடைத்தது எப்படி என்றால், ஊருக்கு வடக்கே புதுச் சாலைக்காக நெரெய்தாவின் ஆட்கள் ஒரு குன்றை வெட்டிக்கொண்டிருந்தார்கள். சிவப்புக் களிமண், எப்படியும் பள்ளத்தில் கொட்டப்போகிற மண். தன் அதிகாரியிடம் கேட்டு இரண்டு லாரி மண் வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை காலை பூங்காவிலிருந்து நாற்பது பேர் மண்வெட்டியோடு போனோம். உல்பியானோ வேலை சொன்னார், நாங்கள் செய்தோம். சிரிலோ வந்தார். அவரை யார் கூப்பிட்டார்கள் என்று தெரியவில்லை. நேராகப் போய் நடு மேட்டைச் செதுக்கிக் குறைக்கிற வேலையை எடுத்துக்கொண்டார். எவரிஸ்தோ அவருக்குத் தண்ணீர் கொண்டுபோனான். இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று கேட்கிற தூரத்தில் நான் இல்லை. சாயங்காலம் நெரெய்தா அளந்தபோது மூன்று மேடும் இருபத்தைந்து காட்டின.

செவ்வாய்க்கிழமை காலை பெல்கிஸ் ரொட்டி வரிசையில் நின்றாள். எவரிஸ்தோ கல்லாவைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து, அன்றைக்குப் பேசிய அதே குரலில், எல்லாரும் கேட்க, "அன்னிக்கு நான் சொன்னது தப்பு. உன் வீட்டுக்காரர் யார் கையையும் ஒடிக்கல" என்றான். பெல்கிஸ் அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"ரெண்டு ரொட்டி குடு. கருகாததாப் பாத்துக் குடு" என்றாள்.

பிளாசிதோ வியாழக்கிழமை வந்தார். ஃப்ளாஸ்க் அவர் கையில் இருந்தது. எவரிஸ்தோ அவரைப் பார்த்ததும், பர்ரெத்தோவுக்கு மட்டையாளர் வரிசை போடத் தெரியவில்லை என்று ஆரம்பித்தான். பிளாசிதோ மெதுவாக மறுத்தார்.

இத்தனைக்குப் பிறகு நாரைகள் கோப்பையை வென்றார்கள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். பதினாறு அணிகளில் பதினொன்றாவதாக முடித்தோம். மேடு சரியான பிறகு சொந்த ஊரில் ஆடிய பத்தொன்பது ஆட்டத்தில் ஒன்பது வெற்றி. முதல் இன்னிங்ஸில் கொடுத்தது பத்து ஓட்டம். அதற்குப் பிறகு ஒரு முழங்கையும் போகவில்லை. மேடுதான் காரணம் என்று எவரிஸ்தோ சத்தியம் செய்கிறான். பிற்பாதியில் வந்த அணிகள் எல்லாம் சொத்தை என்கிறார் வேறொருவர். கை போன நான்கு பேரில் ஒருவனுக்கு முன்பே தசைநாரில் கீறல் இருந்ததாக மருத்துவர் சொன்னார். நெரெய்தாவைக் கேட்டால் எந்தப் பக்கமும் சேர மாட்டார். ஒரு சீசனை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது, இன்னும் மூன்று வருட நோட்டு வேண்டும் என்பார். பூங்காவில் 'தெரியாது' என்று வாய்விட்டுச் சொல்கிற ஒரே ஆள் அவர்தான். ஆரம்பத்தில் அதற்காகவே அவரைக் கிண்டல் செய்தார்கள். பிறகு, முக்கியமான விஷயமென்றால் அவர் மதியச் சாப்பாட்டுக்கு இறங்கி வரும்வரை பேச்சைத் தள்ளிப்போட ஆரம்பித்தார்கள்.

மார்ச் கடைசியில் யாதியேல் பூங்காவுக்கு வந்தான். அறுவை சிகிச்சை முடிந்து, இடது முழங்கையின் உட்பக்கம் வெள்ளிக் கம்பி மாதிரி ஒரு நீளத் தழும்பு. ஒரு வருடம் எறியக்கூடாது. கூட்டம் வழிவிட்டது. அவன் யாரிடமும் கை கொடுக்கவில்லை. நெரெய்தா எங்கே என்று கேட்டு, பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். அளந்த தாளைப் பார்க்க வேண்டும் என்றான். அவர் எடுத்துக் காட்டினார். முப்பத்தொன்று, பதினான்கு. அவன் அந்த இரண்டு எண்களையும் நெடுநேரம் பார்த்தான்.

"அப்போ நான் சாக்குச் சொல்லல" என்றான்.

"இல்லை. நீ சரியாத்தான் சொல்லியிருக்கே."

"டிசம்பர்லயே யாராவது அளந்திருந்தா என் கை தப்பிச்சிருக்குமா அக்கா?"

கூட்டத்தில் ஒரு பத்துப் பேருக்காவது அதற்குப் பதில் தயாராக இருந்தது. நெரெய்தா சுற்றிப் பார்த்தார். எவரிஸ்தோ பேசத் தூக்கிய கைகளை இறக்கிக்கொண்டான்.

"தெரியல தம்பி. தப்பிச்சிருக்கலாம். முன்னாடியே ஏதாவது இருந்துதா, இல்லையா, யாருக்கும் தெரியாது. தெரிஞ்ச மாதிரி உனக்கு நான் ஆறுதல் சொல்ல மாட்டேன்."

அவன் தலையாட்டினான். கோபம் வரும் என்று பயந்தேன். வரவில்லை. தழும்பைத் தடவிக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, மற்ற ஊர் மைதானங்களில் மேடு எவ்வளவு உயரம் என்று கேட்டான். யாரும் அளந்ததில்லை என்றார் நெரெய்தா. யாருமேவா என்றான். எனக்குத் தெரிந்து இல்லை என்றார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அடுத்த சீசனில் ஆடாத எறியாளனாக, அணியின் பேருந்தில் கடைசி இருக்கையில், யாதியேல் போனான். காலடியில் நெரெய்தா கடன் கொடுத்த பழைய அளவுக் கருவி. மடித்த கோலை ஜன்னலோரம் சாத்தி வைத்திருந்தான். கருவியைச் சமப்படுத்த அவர் அவனுக்கு மூன்று மதியம் பழக்கியிருந்தார். ஊர் ஊராகப் பயிற்சிக்கு முன்னால், உள்ளூர்ப் பராமரிப்பாளரைக் கெஞ்சி, நடு மேட்டையும் இரண்டு பயிற்சி மேடுகளையும் அளந்து, எங்கள் இலாகா தொலைபேசிக்குக் கூப்பிட்டு எண்களைச் சொல்வான். நான் எழுதிக்கொள்வேன். எங்கள் எறியாளர்கள் ஆட்டத்துக்கு முன் அவனிடம் வந்து, இன்றைக்கு எவ்வளவு என்று கேட்கத் தொடங்கினார்கள். பர்ரெத்தோவும் கேட்டார்.

பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை, கிழக்கு மண்டலத்து எட்டு மைதானங்களின் கணக்கும் முடிந்தது. நானும் யாதியேலும் அதைப் பூங்காவுக்குக் கொண்டுபோனோம். இருபத்துநான்கு மேடுகள். எங்களுடைய மூன்றைத் தவிர, ஒரே மைதானத்துக்குள் இரண்டு மேடுகள்கூட ஒரே உயரமில்லை. ஒரு ஊரில் பயிற்சி மேடே கிட்டத்தட்ட இல்லை. இன்னொரு ஊரில் முப்பத்தாறு.

நெரெய்தா தாளை வாங்கி முழங்காலில் விரித்தார். எவரிஸ்தோ அவர் தோளுக்கு மேலாகக் குனிந்தான். பிளாசிதோ கண்ணாடியைத் தேடினார். ஒவ்வொரு ஊரிலும் எத்தனை எறியாளர்களுக்குக் கை போயிற்று என்று நோட்டில் இருக்கிறதா என்று நெரெய்தா என்னிடம் கேட்டார். நம் அணியைத்தானே நான் எழுதுகிறேன் என்றேன். மற்ற ஊர்ப் பூங்காக்களிலும் ஒரு நோட்டுக்காரன் இருப்பான், தேடினால் கிடைப்பான் என்றார். எந்த ஊரில் யாருக்கு யாரைத் தெரியும் என்று பட்டியல் போட்டுக்கொண்டிருந்ததில், அன்று மதியம் வரை நாங்கள் யாரும் வேலைக்குப் போகவில்லை.